மூட்டு, எலும்பு, வாத நோய் ஆய்வுகள்: ஓ.பி. வரிசையில் கேட்கும் கேள்விகள்

மூட்டுநோய்ப் பிரிவு ஒன்றில் ஆய்வு ஒருங்கிணைப்பாளராகப் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். "இப்படி ஒரு ஆய்வு நடக்கிறது, விருப்பம் இருந்தால் பாருங்கள்" என்று டாக்டர் சொல்லிவிடுவார். கையில் கத்தையான தாளோடு வெளியே வருபவர்கள் நேராக என் மேசைக்குத்தான் வருவார்கள். அவர்கள் கேட்பதையும் நான் சொல்வதையும் இங்கே எழுதிவைக்கிறேன். சேரச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. சேர்ந்தாலும் சேராவிட்டாலும் புரிந்துகொண்டு முடிவெடுங்கள் என்பதே என் விருப்பம்.

வாதம் என்றால் எல்லாம் ஒரே நோய்தானா?

இல்லை. வாதம் என்றதும் கை கால் இழுத்துக்கொள்ளும் பக்கவாதம் என்று பயந்து வருபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் சம்பந்தப்பட்டது, இங்கே அந்தப் பேச்சு இல்லை. எங்களிடம் வருவது பெரும்பாலும் மூன்று வகை. வயது, உடல் எடை, பழைய அடி ஆகியவற்றால் குருத்தெலும்பு தேய்வது மூட்டுத் தேய்மானம். உடலின் எதிர்ப்பு சக்தியே சொந்த மூட்டின் சவ்வைத் தாக்கி வீங்க வைப்பது முடக்குவாதம்; லூபஸ் போன்றவையும் இந்தக் குடும்பம்தான். எலும்பின் அடர்த்தி குறைந்து, தடுக்கி விழுந்தாலே முறிந்துபோகும் நிலை எலும்பு மெலிதல். உங்களிடம் பேசப்படும் ஆய்வு இவற்றில் எதற்கானது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்களைச் சோதனை எலி ஆக்குகிறீர்களா?

மேசைக்கு முன்னால் உட்கார்ந்ததும் பாதிப் பேர் கேட்பது இதைத்தான். கேட்பதில் தப்பே இல்லை. எலியிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை, அதற்கு எழுந்து போகவும் முடியாது. உங்களிடம் கேட்டே ஆக வேண்டும், நீங்கள் எந்த நாளிலும் எழுந்து போகலாம். அப்படிப் போனதற்காக உங்கள் வழக்கமான சிகிச்சை ஒரு துளியும் குறையக் கூடாது.

இன்னொன்றையும் சொல்கிறேன். நீங்கள் இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் போடும் அந்த மஞ்சள் மாத்திரை, எப்போதோ யாரோ முன்பின் தெரியாத சிலர் இப்படி உட்கார்ந்து, யோசித்து, கையெழுத்துப் போட்டதால் உங்கள் கைக்கு வந்தது. அந்தக் கதையைக் கீழே சொல்கிறேன்.

இத்தனை வருட அனுபவம் உள்ள டாக்டருக்குத் தெரியாததா? ஆய்வு எதற்கு?

இதற்கு ஒரு நிஜக் கதைதான் சரியான பதில்.

அமெரிக்காவில் முழங்கால் தேய்மானத்துக்கு ஆர்த்ரோஸ்கோப்பி செய்வது ஒரு காலத்தில் மிகச் சாதாரணம். சின்னத் துளை போட்டு, குழாய் விட்டு, மூட்டைக் கழுவி, பிசிறுகளைச் சுரண்டி எடுப்பார்கள். செய்துகொண்டவர்கள் வலி குறைந்தது என்றார்கள். செய்தவர்களும் அதைக் கண்ணால் பார்த்தார்கள். ஹூஸ்டனில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் மோஸ்லி என்ற அறுவை மருத்துவர் இதைச் சோதிக்க முடிவு செய்தார். 180 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்குச் சுரண்டும் அறுவை, இன்னொரு பகுதிக்குக் கழுவுதல் மட்டும். மூன்றாவது பகுதிக்கு முழங்கால் தோலில் கீறல் மட்டும்தான், உள்ளே கருவியே போகவில்லை. மயக்கத்தில் இருப்பவருக்குச் சந்தேகம் வரக்கூடாது என்று, கருவிகளைக் கேட்டு வாங்கி, கழுவுகிற சத்தம் வரத் தண்ணீரையும் தெளித்தார்கள். அன்று இரவு எல்லோரையும் ஒரே மாதிரி வார்டில் தங்க வைத்தார்கள்.

இரண்டு வருடம் பின்தொடர்ந்தார்கள். வலியிலும் நடையிலும் மூன்று பகுதியினருக்கும் வித்தியாசம் இல்லை. முடிவு 2002-ல் வெளியானது. அந்த டாக்டர்கள் யாரையும் ஏமாற்றவில்லை. வலி சில நாள் கூடும், சில நாள் தானே குறையும்; மிக மோசமான நாளில்தான் ஆள் ஆஸ்பத்திரிக்கு வருவார். அப்புறம் எது செய்தாலும் குறைந்த மாதிரித்தான் தெரியும். பக்கத்தில் ஒப்பிட இன்னொரு கூட்டம் இல்லாமல், எவ்வளவு திறமையான கண்ணுக்கும் இது பிடிபடாது.

இதில் என் மனதில் நிற்கும் விஷயம் வேறு. எனக்கு வெறும் கீறல் மட்டுமே கிடைக்கலாம், அதனால் முழங்கால் குணமாகாது என்பதை நோயாளிகள் தங்கள் கைப்படவே எழுதித் தர வேண்டியிருந்தது. கேட்கப்பட்ட 324 பேரில் 144 பேர் மறுத்துவிட்டார்கள். ஒப்புதல் என்ற சொல்லை நான் அந்த 144 பேரை வைத்துத்தான் புரிந்துகொள்கிறேன்.

இப்போது கொடுக்கும் மருந்துகள் எப்படி வந்தன?

மஞ்சள் மாத்திரையிலிருந்து ஆரம்பிக்கிறேன். அதன் பெயர் மெத்தோட்ரெக்ஸேட். அதன் வேர் நம் ஊர் வரை வருகிறது. ஆந்திராவின் பீமாவரத்தில் 1895-ல் பிறந்த எல்லப்பிரகடா சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அமெரிக்காவில் லெடர்லே ஆய்வகத்தில் அவர் தலைமையில் இருந்த குழு, ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும் அமினோப்டெரினை உருவாக்கியது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயில் அது வேலை செய்கிறது என்று 1948-ல் பாஸ்டனிலிருந்து செய்தி வந்தது. அதே வருடம் சுப்பாராவ் காலமானார். மெத்தோட்ரெக்ஸேட் இந்த அமினோப்டெரினின் நெருங்கிய உறவு.

1951-ல் குப்னர் என்ற மருத்துவர் அமினோப்டெரினை முடக்குவாதத்துக்குக் கொடுத்துப் பார்த்தார். பலன் தெரிந்தது. ஆனால் புற்றுநோய் மருந்தை மூட்டுவலிக்குக் கொடுக்கலாமா என்ற தயக்கத்தில் அது கிடப்பில் போனது. பாஸ்டனில் வைன்பிளாட் குழுவினர் 35 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 1985-ல் வெளியானது. குறைந்த அளவில், வாரம் ஒருமுறை. பாதிக் காலம் மருந்து, பாதிக் காலம் மருந்தில்லா மாத்திரை, எது எப்போது என்று யாருக்கும் தெரியாது. பலன் தெளிவாக இருந்தது. 1988-ல் அமெரிக்காவில் முடக்குவாதத்துக்கு அனுமதி கிடைத்தது. 1951-லிருந்து கணக்குப் போட்டால் 37 வருடம். அதற்குள் எத்தனை விரல்கள் கோணிப்போயிருக்கும் என்று நினைத்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

(இந்த இடத்தில் ஒன்று. மெத்தோட்ரெக்ஸேட் வாரத்தில் ஒரே ஒரு நாள்தான். தவறிப்போய் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. கிழமையை அட்டைமேல் எழுதி வையுங்கள்.)

ஸ்டீராய்டின் கதை இதற்கு நேர் எதிர். 1948 செப்டம்பரில், அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையில் டாக்டர் ஹென்ச், எழுந்திருக்கவே சிரமப்பட்ட 29 வயதுப் பெண்ணுக்கு முதல் கார்டிசோன் ஊசி போட்டார். சில நாளில் அந்தப் பெண் நடந்து கடைத்தெருவுக்குப் போனார். இரண்டே வருடத்தில், 1950-ல், ஹென்ச்சுக்கும் கெண்டல், ரைக்ஸ்டைன் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அப்புறம்தான் முகம் வீங்குவதும், சர்க்கரை ஏறுவதும், எலும்பு மெலிவதும் வரிசையாகத் தெரியவந்தன. இன்று உங்கள் டாக்டர் ஸ்டீராய்டைக் கொஞ்சமாகக் கொடுத்து, சீக்கிரம் குறைத்து நிறுத்தப் பார்க்கிறார் என்றால், அந்த அவசரத்திலிருந்து கற்ற பாடம் அது.

மூன்றாவது, பயாலஜிக் ஊசிகள், அதாவது உயிரணுக்களில் தயாரிக்கும் புரத மருந்துகள். லண்டனில் ஃபெல்ட்மன், மைனி இருவரும் மூட்டுச் சவ்வில் டி.என்.எஃப் என்ற புரதம்தான் மற்ற அழற்சியையெல்லாம் தூண்டிவிடுகிறது என்று கண்டறிந்தார்கள். 1992-ல் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் அதைத் தடுக்கும் மருந்தை முதலில் 20 பேருக்குக் கொடுத்தார்கள். பிறகு 73 பேரை வைத்து, மருந்தில்லா ஊசியோடு ஒப்பிட்டு, 1994-ல் முடிவை வெளியிட்டார்கள்.

ஆய்வு என்றாலே புது மருந்துதானா?

இருக்கவேண்டியதில்லை. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வில் புது மருந்தே கிடையாது. கிளாஸ்கோவில் நடந்தது, முடிவு 2004-ல் வெளியானது, பெயர் டிகோரா. 110 முடக்குவாத நோயாளிகள். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மீதிப் பேரை மாதாமாதம் வரவழைத்து, மூட்டுகளை எண்ணி, இலக்கை எட்டவில்லை என்றால் உடனே மருந்தைக் கூட்டினார்கள். இரு பக்கமும் அதே பழைய மருந்துகள்தான். 18 மாதத்தில், நோய் அடங்கிய நிலைக்கு வந்தவர்கள் முதல் பக்கம் 16 சதவீதம், இரண்டாவது பக்கம் 65 சதவீதம். "வலி பரவாயில்லை, அடுத்த முறை மூணு மாசம் கழிச்சு வர்றேன்" என்று சொல்பவர்களிடம் நான் இந்த இரண்டு எண்களைத்தான் சொல்வேன்.

நம் நாட்டிலும் இப்படி நல்ல, எளிய கேள்விகளைக் கேட்டிருக்கிறார்கள். மெத்தோட்ரெக்ஸேட்டோடு, பக்க விளைவைக் குறைக்கத் தரும் ஃபோலிக் அமிலம் வாரம் 10 மில்லிகிராம் போதுமா, 30 வேண்டுமா என்று சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவமனையில் 100 பேரை வைத்துப் பார்த்தார்கள். வித்தியாசம் இல்லை. இத்தனை மாத்திரை எதற்கு என்று அலுத்துக்கொள்பவருக்கு இது நல்ல செய்திதானே.

யாருக்கு எந்த மருந்து என்று டாக்டர் முடிவு செய்வாரா?

மாட்டார், செய்யவும் கூடாது. குலுக்கல்தான், அதைக் கணினி செய்யும். டாக்டரே பிரித்தால், அறியாமலே தெம்பானவரைப் புது மருந்துப் பக்கம் அனுப்பிவிடுவார். அப்புறம் கிடைத்த பலன் மருந்தாலா தெம்பாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

குலுக்கல் வெளிநாட்டு வழக்கம் என்று நினைக்க வேண்டாம். 1956-லேயே சென்னையில் காசநோயாளிகளை இப்படிப் பிரித்து, சானடோரியத்தில் வைத்தும் வீட்டில் வைத்தும் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டுச் சிகிச்சை எந்த விதத்திலும் குறைந்ததில்லை என்று தெரிந்தது. காசநோய்க்கு மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிப் படுக்கை வேண்டும் என்ற எண்ணத்தை உலகம் முழுவதும் மாற்றிய ஆய்வு அது.

எனக்கு வெறும் மாத்திரை கொடுத்து வலியில் விட்டுவிடுவார்களா?

முடக்குவாத ஆய்வுகளில் பெரும்பாலும், ஏற்கெனவே போடும் மெத்தோட்ரெக்ஸேட்டை எல்லோரும் தொடர்வார்கள். அதற்கு மேல்தான் ஒரு பக்கம் புது மருந்து, இன்னொரு பக்கம் பிளாசிபோ, அதாவது மருந்தில்லா மாத்திரை. மூன்று நான்கு மாதத்தில் முன்னேற்றம் இல்லை என்றால் மருந்தை மாற்றும் ஏற்பாடும் வழக்கமாக இருக்கும். உங்கள் படிவத்தில் அது எந்த வாரம் என்று எழுதியிருக்கும். விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். எழுதியிருக்கவில்லை என்றால் ஏன் என்று கேளுங்கள்.

ஒவ்வொரு முறையும் என்ன பார்ப்பீர்கள்?

மூட்டு எண்ணுவோம். தோள், முழங்கை, மணிக்கட்டு, கைவிரல் கணுக்கள், முழங்கால் என்று 28 மூட்டு. ஒவ்வொன்றையும் பெருவிரலால், அழுத்துபவரின் நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்துவோம். வலிக்கிறதா என்பது ஒரு கணக்கு, வீங்கியிருக்கிறதா என்பது தனிக் கணக்கு. வீக்கம் விரலுக்குப் பஞ்சு மாதிரி அமுங்கும், எலும்பு புடைத்திருந்தால் அமுங்காது. பார்ப்பவருக்கு நீங்கள் எந்த மருந்தில் இருக்கிறீர்கள் என்று தெரியக் கூடாது. அதனால் அவரிடம் மருந்தைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள்.

அடுத்து ஒரு கோடு. 100 மில்லிமீட்டர் நீளம், ஒரு முனை வலியே இல்லை, மறுமுனை தாங்க முடியாத வலி. இன்றைக்கு எங்கே என்று குறிக்கச் சொல்வோம். மகனையோ மருமகளையோ திரும்பிப் பார்க்காமல் நீங்களே குறியுங்கள். முகம் சுளிக்காமல் நடுவில் குறித்த ஒரு அம்மா, கிளம்பும்போது என்னிடம், "நெஜமா சொன்னா இவன் கவலப்படுவான் தம்பி" என்றார். அன்றிலிருந்து கூட வருபவரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டுத்தான் அந்தத் தாளை நீட்டுகிறேன்.

அன்றாட வேலைகளைப் பற்றியும் கேள்விகள் உண்டு. வெளிநாட்டுக் கேள்வித்தாளை நம் ஊருக்கு ஏற்றபடி மாற்றியிருக்கிறார்கள். சம்மணம் போட்டு உட்கார முடிகிறதா, கழிப்பறையில் குந்த முடிகிறதா, ஆட்டோவில் ஏறி இறங்க முடிகிறதா, காய்கறிக் கடைக்குப் போய்வர முடிகிறதா என்று அதில் இருக்கும். அழற்சி எவ்வளவு என்று காட்டும் ஈ.எஸ்.ஆர், சி.ஆர்.பி. இரண்டையும் ரத்தத்தில் பார்ப்பதும் உண்டு. எண்ணிக்கை, கோடு, ரத்தம் எல்லாம் சேர்ந்துதான் உங்கள் மதிப்பெண்.

பக்க விளைவு வந்தால்?

வரலாம். வராது என்று யாராவது சொன்னால் அந்த ஆய்வில் சேராதீர்கள்.

நம் ஊரில் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து என்றாலே முதல் கவலை காசநோய். டி.என்.எஃப் தடுக்கும் ஊசி சந்தைக்கு வந்தபின், அதைப் போட்டவர்களில் 70 பேருக்குக் காசநோய் வந்ததை 2001-ல் அமெரிக்காவில் தொகுத்து வெளியிட்டார்கள். பாதிக்கு மேற்பட்டோருக்கு நுரையீரலுக்கு வெளியிலும் இருந்தது. உடம்பில் தூங்கிக்கொண்டிருக்கும் கிருமியை மருந்து எழுப்பிவிடுகிறது. அதனால்தான் ஊசிக்கு முன் மார்பு எக்ஸ்ரேயும் காசநோய்ப் பரிசோதனையும். பழைய காசநோய், வீட்டில் யாருக்காவது இருந்தது என்றால் மறைக்க வேண்டாம். கல்யாணப் பேச்சு கெடும் என்று மறைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் அறையில் சொல்வது வெளியே போகாது.

சில ஆபத்துகள் ஆயிரக்கணக்கானவர்களைப் பார்த்தால்தான் தெரியும். வயாக்ஸ் என்ற வலி மாத்திரை 1999-ல் வந்தது. 8,000-க்கும் மேற்பட்ட முடக்குவாத நோயாளிகளை வைத்து 2000-ல் வந்த ஆய்வில், ஒப்பிட்ட பழைய மருந்தைவிட இதில் மாரடைப்பு அதிகம் இருந்தது. பழைய மருந்து இதயத்தைக் காப்பதால் அப்படித் தெரிகிறது என்று விளக்கம் சொன்னார்கள். வேறொரு ஆய்வில், பிளாசிபோவோடு ஒப்பிட்டபோதும் மாரடைப்பு கூடியது தெரிந்தபின், 2004 செப்டம்பரில்தான் மருந்தைத் திரும்பப் பெற்றார்கள். எச்சரிக்கை வந்த அன்றே அதை மதித்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. முடக்குவாதத்துக்கான டோஃபாசிட்டினிப் மாத்திரையை அனுமதித்தபின், இதயத்தையும் புற்றுநோயையும் மட்டும் பார்க்க 4,362 பேரை வைத்துத் தனி ஆய்வு நடத்தச் செய்தார்கள். 2021-ல் ஆபத்து கூடுதல் என்று தெரியவந்ததும், யாருக்குக் கொடுக்கலாம் என்ற விதியே இறுகியது.

சட்டம் எங்களைக் காப்பாற்றுமா?

இந்தியாவில் 2019-ல் வந்த புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வுகள் விதிகள் நடைமுறையில் உள்ளன. நெறிமுறைக் குழு ஒப்புக்கொள்ளாமல் ஆய்வு தொடங்க முடியாது. அந்தக் குழுவில் குறைந்தது 7 பேர். மருத்துவம் படிக்காத பொதுமனிதர் ஒருவர், சட்டம் தெரிந்தவர் ஒருவர், பெண் ஒருவராவது கட்டாயம். பாதிப் பேர் அந்த நிறுவனத்துக்கு வெளியிலிருந்து வர வேண்டும். ஆய்வினால் உடல்நலக் கேடு வந்தால் சிகிச்சை இலவசம், பாதிப்புக்கு இழப்பீடும் உண்டு. ஆய்வு இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் இருக்க வேண்டும். 2007-ல் தொடங்கிய பதிவேடு அது, 2009 ஜூனிலிருந்து பதிவு கட்டாயம். பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பேரனிடம் கொடுத்தால் இணையத்தில் தேடிப் பார்த்துச் சொல்லிவிடுவான்.

ஆய்வு மருந்துக்கோ ஆய்வுக்கான பரிசோதனைகளுக்கோ உங்களிடம் பணம் கேட்டால், நேராக நெறிமுறைக் குழுவுக்குச் சொல்லுங்கள். அவர்களின் தொலைபேசி எண் படிவத்திலேயே இருக்கும்.

சித்தா, ஆயுர்வேதம் எல்லாம் இப்படிச் சோதிக்க முடியாது என்கிறார்களே?

முடியும் என்று கோயம்புத்தூரில் காட்டியிருக்கிறார்கள். 43 முடக்குவாத நோயாளிகள், 36 வாரம். ஒரு பகுதிக்கு ஆயுர்வேத மருந்து, ஒரு பகுதிக்கு மெத்தோட்ரெக்ஸேட், ஒரு பகுதிக்கு இரண்டும். ஆயுர்வேதத்தில் ஆளுக்கு ஆள் மருந்து மாறும். அதற்கு இடம் கொடுத்து, அதே மாதிரி தோற்றமுள்ள போலி மருந்துகளையும் தயாரித்து, யார் எதில் இருக்கிறார் என்று தெரியாமல் நடத்தினார்கள். 2011-ல் முடிவு வந்தது: மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு. இதைப் பிடித்துக்கொண்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். 43 பேர் என்பது முன்னோட்டம்தான், பெரிய ஆய்வு நடத்த முடியும் என்று காட்டுவதற்கான அளவு. எனக்கு அந்தப் பெரிய ஆய்வைப் பார்க்க ஆசை. இரண்டு பக்கமும் உரக்கப் பேசுவதைவிட அது எவ்வளவோ மேல்.

டாக்டருக்குத் தெரியாமல் எடுக்கும் பொடி, லேகியம் எதையும் எங்களிடம் மறைக்காதீர்கள். சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும்.

எலும்பு மெலிதலுக்கு ஆய்வெல்லாம் வேண்டுமா? கால்சியம், வைட்டமின் டி போதாதா?

குறைபாடு உள்ளவருக்கு அவை அவசியம். ஆனால் குறைபாடு பார்க்காமல் சேர்க்கப்பட்ட 25,871 பேரை வைத்து அமெரிக்காவில் நடத்திய ஆய்வில், தினமும் வைட்டமின் டி எடுத்தவர்களுக்கு எலும்பு முறிவு குறையவில்லை என்று 2022-ல் தெரிந்தது. மாறாக, வருடம் ஒருமுறை நரம்பில் ஏற்றும் ஸோலெட்ரோனிக் அமிலத்தை 7,765 வயதான பெண்களிடம் சோதித்தபோது, மூன்று வருடத்தில் முதுகெலும்பு முறிவு 10.9 சதவீதத்திலிருந்து 3.3-க்கு இறங்கியது. எலும்பு முறிந்து படுத்த பாட்டியை வீட்டில் வைத்துப் பார்த்தவர்களுக்கு இந்த எண்ணின் அர்த்தம் தெரியும்.

சேர ஆசைப்பட்டேன், தகுதி இல்லை என்றார்கள். ஏன்?

கிட்னி, ஈரல் சரியில்லை, கர்ப்பம், வேறு மருந்து என்று பல காரணம் இருக்கும். பெரும்பாலும் உங்கள் பாதுகாப்புக்காகத்தான். ஆனால் வயதானவர்களை ஒதுக்குவதில் எனக்கு மனக்குறை உண்டு. நிஜத்தில் இந்த மருந்துகளைப் போடப்போவது அவர்கள்தானே. 65 வயதுக்கு மேற்பட்டவர்களை மட்டுமே சேர்த்து, குறைந்த அளவு ஸ்டீராய்டை இரண்டு வருடம் சோதித்த குளோரியா ஆய்வு 2022-ல் வெளியானபோது, மற்றவர்களும் இதைப் பின்பற்ற வேண்டும் என்று தோன்றியது.

கையெழுத்துப் போடுவதற்கு முன்?

படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோங்கள். இன்றைக்கே போட வேண்டும் என்று அவசரப்படுத்தினால் போடாதீர்கள். தமிழில்தான் வேண்டும் என்று கேளுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு, ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முன்னால் படித்துக் காட்ட வேண்டும். போட்டபின் ஒரு பிரதி உங்களுடையது.

ஆய்வு முடிந்தபின் முடிவை எங்களுக்குச் சொல்வார்களா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு, நானாகவே எடுத்துச் சொல்கிறேன். இதழில் முடிவு வெளியாகச் சில வருடம் ஆகும். அதற்குள் நீங்கள் வேறு ஊருக்குப் போயிருப்பீர்கள், எண் மாறியிருக்கும். பங்கெடுத்தவரைத் தேடிப் பிடித்துச் சொல்லும் பழக்கம் இன்னும் எல்லா இடத்திலும் வேரூன்றவில்லை. அதனால் கடைசி நாளில் வரும்போது, "நான் எந்தப் பக்கம் இருந்தேன், முடிவு என்ன ஆச்சு என்று தெரிந்ததும் சொல்லுங்கள்" என்று கேட்டு, உங்கள் எண்ணையும் வீட்டில் இன்னொருவர் எண்ணையும் எழுதிக் கொடுங்கள். என் மேசை இழுப்பறையில் அதற்கென்றே ஒரு நோட்டு இருக்கிறது. போன மாதம் அதைப் பார்த்து ஒரு பெரியவருக்குப் போன் செய்தேன். பிளாசிபோ பக்கம் இருந்திருக்கிறீர்கள் ஐயா, மருந்து வேலை செய்கிறது என்று வந்திருக்கிறது என்றேன். சற்று நேரம் பேசவில்லை. அப்புறம், "சரி தம்பி, அது இப்ப கடையில கெடைக்குதா? என் தங்கச்சிக்கும் இதே வியாதிதான்" என்றார்.